வக்கீல் கோட்டோடு ஆவணப்படம் எடுக்க வருகிறவர்களுக்கு

"சார், லா முடிச்சிட்டேன், ஆனா மனசெல்லாம் கேமரா பக்கம்தான் இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பண்ண முடியுமா?" மாதத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்வதை இங்கே எழுதி வைத்துவிட்டால் எனக்கும் நல்லது, போனுக்கும் நல்லது.

முடியும். நான் பண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி பகலில் கோர்ட், ராத்திரியில் எடிட் என்று இரண்டு வேலை இல்லை இது. இந்தத் தொழிலில் வக்கீலின் வேலை படம் முடிந்து பிரச்சினை வந்த பிறகு தொடங்குவதே இல்லை, கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே தொடங்கி முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும். சென்னையில் சினிமா வழக்கு என்றாலே வெள்ளிக்கிழமை ரிலீஸ், வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்டே என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. ஆவணப்படத்தில் அந்த வியாழக்கிழமை உங்களுக்குக் கட்டுப்படியாகாது. மொத்தப் படத்துக்கும் இருக்கிற பணம் ஒரு சீனியர் வக்கீலின் ஒரு நாள் ஃபீஸ்கூட இருக்காது.

முதலில் வக்கீல்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்துகிற பார் கவுன்சில் விஷயம், ஏனென்றால் பாதிப் பேர் இதைப் பார்க்காமலே காலை விடுகிறார்கள். பதிவு செய்வது இப்போது அவ்வளவு செலவில்லை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தில் உள்ள கட்டணத்துக்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அப்புறம் அகில இந்திய பார் தேர்வு. இதெல்லாம் சுலபம்.

சிக்கல் இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் இருக்கிறது. விதி 47: வக்கீல் நேரடியாக எந்த வியாபாரமும் செய்யக் கூடாது. விதி 49: முழுநேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது. ஆகவே உங்கள் பெயரில் ஒரு புரொடக்‌ஷன் கம்பெனி தொடங்கி, ஜிஎஸ்டி எடுத்து, கல்யாண வீடியோவிலிருந்து கார்ப்பரேட் படம் வரை எடுத்துக் காசு பார்ப்பது கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு செய்யக்கூடிய வேலை இல்லை. விதி 48 கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருக்க அனுமதிக்கிறது, ஆனால் நிர்வாகப் பொறுப்பு எதுவும் இருக்கக் கூடாது, மேனேஜிங் டைரக்டராக இருக்கவே கூடாது. (தமிழில் இரண்டு பேரையும் இயக்குநர் என்றே சொல்வதால் இதைச் சொல்லும்போது எப்போதும் ஒரு குழப்பம். நான் பேசுவது கம்பெனி இயக்குநரைப் பற்றி, படத்தின் இயக்குநரைப் பற்றி அல்ல.) உங்களுக்குக் கதவு திறந்து வைப்பது விதி 51. விளம்பரம், முழுநேர வேலை இரண்டையும் தவிர்த்தால் ஒலிபரப்பு, இதழியல், விரிவுரை, கற்பித்தல் எல்லாம் செய்யலாம் என்கிறது அது. அதில் ஆவணப்படம் என்ற சொல் இல்லை. சுதந்திரமாக, படத்துக்குப் படம் ஒப்பந்தம் போட்டு இயக்குவதை இதற்குள் அடக்கலாம் என்பது என் வாசிப்பு. ஆனால் 2024-இல் வக்கீல் ஒருவர் பத்திரிகையாளராகவும் இருக்கலாமா என்பதே உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது. அதனால் சம்பளப் பட்டியலில் உங்கள் பெயர் வருகிற எதையும் தொடாதீர்கள். மாநில பார் கவுன்சிலின் அனுமதியோடு பகுதிநேர வேலை பார்க்க விதி 52 வழி விடுகிறது, சந்தேகம் வந்தால் எழுதிக் கேட்டுவிடுங்கள். தயாரிப்பாளர் வேறொருவராக இருக்கட்டும். முழுநேரமாகத் தயாரிப்பில் இறங்க ஆசையா, சன்னதை, அதாவது வக்கீல் பதிவை, தற்காலிகமாக நிறுத்தி வைக்க மனு கொடுத்துவிட்டு இறங்குங்கள். பின்னால் திரும்ப வரலாம். புகார் வந்து ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன்னால் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

விதி 36-ஐயும் மறக்க வேண்டாம். வக்கீல் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது, தான் ஆஜரான வழக்கையொட்டித் தன் படத்தை வெளியிட ஏற்பாடு செய்யக் கூடாது. நீங்களே நடத்திய வழக்கைப் பற்றி நீங்களே ஆவணப்படம் எடுத்து, அதில் நீங்களே கோர்ட் வாசலில் நடந்து வருகிற ஷாட் வைத்தால், அந்தக் காட்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.

சரி, இனி படத்துக்கு வருவோம்.

ஊருக்குப் போகிறீர்கள். ஒரு பாட்டி பேசுகிறார், அருமையாகப் பேசுகிறார். பெரும்பாலானவர்கள் ஷூட் எல்லாம் முடிந்து கிளம்பும்போது இரண்டு பக்க ஆங்கிலத் தாளை நீட்டி "இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க பாட்டி" என்பார்கள். கையெழுத்து கிடைத்துவிடும், ஆனால் அதற்குப் பெயர் சம்மதம் இல்லை. சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, அதை நீங்கள் சத்தமாக வாசித்துக் காட்டுவதும் அவர் தலையாட்டாமல் வாயைத் திறந்து "சரி" என்பதும் கேமராவில் பதிவாக வேண்டும். படம் எதைப் பற்றியது, எங்கெல்லாம் காட்டப்படும், காசு உண்டா இல்லையா, பிடிக்கவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் சொல்லலாம், இந்த நான்கும் போதும். யூடியூபில் போட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் பார்ப்பார், வெளிநாட்டில் இருக்கிற மருமகனும் பார்ப்பார் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒருமுறை இதைச் சொன்னதும் ஒரு அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான். அந்தப் படம் வெளிவந்த பிறகு அவருடைய ஊரில் நடந்த பேச்சைக் கேட்டபோது, நல்லவேளை போனார் என்று நினைத்துக்கொண்டேன்.

காசு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதுமலையில் யானைக்குட்டிகளை வளர்த்த தம்பதியைப் பற்றிய குறும் ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் வாங்கியது நினைவிருக்கும். சில மாதங்களில் அந்தத் தம்பதியின் பெயரில் படத் தரப்புக்கு 2 கோடி ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் போனது. தயாரிப்புத் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பாடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒரு வீட்டில் சாப்பிட்டு, உட்கார்ந்து, பழகிப் படம் எடுக்கும்போது வாய்வார்த்தையாக எத்தனையோ பேசியிருப்போம். "படம் நல்லாப் போச்சுன்னா பார்த்துக்கலாம்மா" என்று யாரோ ஒரு உதவியாளர் சொன்னது அவர்கள் காதில் வாக்குறுதியாக விழும். படத்துக்குப் பரிசோ விற்பனையோ கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். ஒன்றும் தர முடியாது என்றால் அதையும் எழுதுங்கள், சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

குழந்தைகள், பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்கள் என்று வந்தால் படிவமெல்லாம் காப்பாற்றாது. அவர்களை அடையாளம் காட்டுவது பற்றிய பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 72-ஆவது பிரிவு, போக்சோ சட்டம் 23-ஆவது பிரிவு, சிறார் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவு, மூன்றையும் படித்துவிட்டுப் போங்கள். முகத்தை மங்கலாக்கிவிட்டு, பின்னால் தெருப் பெயர்ப் பலகையை அப்படியே விட்ட ரஃப் கட்களை (முதல்கட்ட எடிட்களை) நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, படம் யாருடையது? இந்தக் கேள்விக்கு இளம் இயக்குநர்கள் சொல்கிற பதில் எப்போதும் தப்பு. "நான்தானே எடுத்தேன், என்னோடது." 1957 பதிப்புரிமைச் சட்டத்தைப் பொறுத்தவரை திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர்தான், இயக்குநர் அல்ல. இன்னும் மோசம் 17-ஆவது பிரிவு: ஒருவர் காசு கொடுத்து, அவர் கேட்டு எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அவர்தான் முதல் உரிமையாளர். ஒரு தொண்டு நிறுவனம் மூன்று லட்சம் கொடுத்தது, நீங்கள் உயிரைக் கொடுத்து எடுத்தீர்கள், ஒப்பந்தம் ஒரு மெயிலில் "ஓகே, கோ அஹெட்" என்பதோடு முடிந்தது என்றால், நாளைக்கு அந்த ஃபுட்டேஜிலிருந்து ஒரு நிமிடம் எடுத்து உங்கள் அடுத்த படத்தில் வைக்கக்கூட அவர்களைக் கேட்க வேண்டியிருக்கும். எனக்கு நடந்திருக்கிறது, நான் சட்டம் படித்த பிறகே நடந்தது, அதனால் வெட்கம் இரண்டு மடங்கு.

இதற்குள்ளேயே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது, 19-ஆவது பிரிவு. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருடம் என்று போடாவிட்டால் ஐந்து வருடம், எந்த நாடு என்று போடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, உரிமை திரும்பி வந்துவிடும். ஆகவே ஓடிடி கம்பெனியோ சேனலோ அனுப்புகிற ஒப்பந்தத்தில் "உலகம் முழுவதும், நிரந்தரமாக, இன்று உள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா ஊடகங்களிலும்" என்ற வரி வந்தால் அதை அவர்கள் சும்மா அலங்காரத்துக்குப் போடவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கேதான் பேரம் பேச வேண்டும்.

கேமராமேன், எடிட்டர், இசையமைப்பாளர் நண்பர்களாக இருந்தால் கட்டாயம் ஒப்பந்தம் போடுங்கள். நண்பர் இல்லையென்றால் எப்படியும் போட்டிருப்பீர்கள். அரைப் பக்கம் போதும்: என்ன வேலை, எவ்வளவு பணம், எப்போது, உரிமை யாருக்கு, ஹார்ட் டிஸ்க் யாரிடம் இருக்கும். கடைசி வரி ரொம்ப முக்கியம், ஏனென்றால் சண்டை வந்தால் சட்டப்படி யார் உரிமையாளர் என்பதைவிட டிஸ்க் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்பதுதான் படத்தை நிறுத்தும்.

பிறர் ஃபுட்டேஜ், பாட்டு. இதில்தான் பொழுதுபோக்குத் துறை வக்கீலுக்கு உண்மையான வேலை. நயன்தாரா பற்றி நெட்ஃபிளிக்ஸில் 2024 நவம்பரில் வந்த ஆவணப்படம் ஊரறிந்த கதை. 2015-இல் வந்த 'நானும் ரௌடிதான்' படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த மூன்று விநாடிக் காட்சிக்காக, அந்தப் படத்தைத் தயாரித்த தனுஷ் தரப்பிலிருந்து 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்ததாக நயன்தாரா பகிரங்கமாகக் கடிதம் எழுதினார், பிறகு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அது சொந்தமாக எடுத்து வைத்திருந்த காட்சி என்பது அவர் தரப்பு பதில். ஊரே யார் நல்லவர் என்று பேசிக்கொண்டிருந்தபோது என்னைப் போன்றவர்கள் பேசியது ஒன்றைத்தான்: படப்பிடிப்புத் தளத்தில் ஒருவர் தன் கைபேசியில் எடுத்த காட்சி யாருக்குச் சொந்தம்? தளத்தில் நிற்பவரோடு போட்ட ஒப்பந்தம் அதைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? உங்கள் படத்துக்கு யாராவது "இது என் போன்ல நானே எடுத்தது, தாராளமா யூஸ் பண்ணுங்க" என்று கொடுத்தால், நன்றி சொல்லிவிட்டு எங்கே, யாருடைய வேலையில் இருக்கும்போது எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

மூன்று விநாடிதானே, பத்து விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு கதை எல்லா எடிட் ரூமிலும் சுற்றுகிறது. சட்டத்தில் அப்படி ஒரு விநாடிக் கணக்கே கிடையாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு நியாயமான பயன்பாட்டை விமர்சனம், திறனாய்வு, நடப்பு நிகழ்வுகளைச் சொல்வது, ஆராய்ச்சி உட்பட்ட சொந்தப் பயன்பாடு என்ற சில காரணங்களுக்கு மட்டும் அனுமதிக்கிறது. அமெரிக்காவில் இதைவிட அகலமான வாசல் உண்டு, யூடியூபில் அந்த ஊர் வக்கீல்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு இங்கே வந்து படம் எடுக்காதீர்கள். அதே நேரம் ஒன்றுமே இல்லாத சின்ன விஷயத்துக்குச் சட்டம் ஓடி வராது என்ற கொள்கையை 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தியா டிவிக்கும் யஷ்ராஜ் ஃபிலிம்ஸுக்கும் நடந்த வழக்கில் ஏற்றுக்கொண்டது. அது கோர்ட்டில் போய் நின்ற பிறகு கிடைக்கிற பாதுகாப்பு. உங்கள் திட்டமே அதுவாக இருந்தால் திட்டம் சரியில்லை.

சினிமா உரிமை தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்கிறவர்கூடக் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. டீக்கடையில் பேட்டி எடுக்கிறீர்கள். பின்னால் சுவரில் சினிமா போஸ்டர், பக்கத்தில் ஒரு சிலை, எஃப்எம்மில் பாட்டு. போஸ்டரையும் சிலையையும் பற்றிக் கவலை வேண்டாம், பின்னணியில் தற்செயலாக வருகிற கலைப்படைப்புகளை 52-ஆவது பிரிவே விட்டுவிடுகிறது. ஆனால் அந்தச் சலுகை ஓவியம், சிற்பம், புகைப்படம் போன்றவற்றுக்குத்தான், பாட்டுக்கு இல்லை! பாட்டுக்கு இரண்டு வகை உரிமை: பதிவு செய்த ஒலிக்கு லேபிள் கம்பெனி, மெட்டுக்கும் வரிகளுக்கும் வேறு ஆட்கள். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். அதனால் கடைக்காரரிடம் ஐந்து நிமிடம் ரேடியோவை அணைக்கச் சொல்லுங்கள், இரண்டு டீ கூடுதலாகச் சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். அமெரிக்காவில் 'ஹேப்பி பர்த்டே' பாட்டுக்காக 1,500 டாலர் கட்டிய ஓர் ஆவணப்பட இயக்குநர் 2013-இல் வழக்குப் போட்டு, 2015-இல் வென்று, கடைசியில் அந்தப் பாட்டுக்கு உரிமை கொண்டாடிய நிறுவனம் 1.4 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. கேட்க நன்றாக இருக்கிறது. நமக்கு ரேடியோவை அணைப்பதுதான் கட்டுப்படியாகும்.

கோர்ட் ஆவணங்கள் நம் பொக்கிஷம், இங்கே வக்கீலாக இருப்பது கைகொடுக்கும். 1994-இல் ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், பொது ஆவணங்களில் இருப்பதை ஒருவரின் அனுமதி இல்லாமலே வெளியிடலாம், அதைத் தாண்டி அவருடைய சொந்த வாழ்க்கைக்குள் போனால்தான் அந்தரங்க உரிமை குறுக்கே வரும் என்று சொன்னது. பாலியல் குற்றம், கடத்தல் போன்றவற்றில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மட்டும் விலக்கு. ஆகவே குற்றம் சார்ந்த படமென்றால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று ஸ்கிரிப்ட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். தீர்ப்பில் இருக்கிறதா, குற்றப்பத்திரிகையில் மட்டும் இருக்கிறதா, இரண்டும் ஒன்றல்ல.

இப்போது மனசுக்குக் கஷ்டமான பகுதி. நீங்கள் படம் எடுக்கப் போன இடத்தில் ஒருவர், "நீங்க வக்கீல்னு சொன்னாங்களே, என் கேஸையும் கொஞ்சம் பாருங்க" என்பார். நல்ல மனசோடு சரி என்றுவிடுவீர்கள். அந்த நிமிடம் அவர் உங்கள் கட்சிக்காரர். அவர் அதற்குப் பிறகு சொல்வதெல்லாம் வக்கீலிடம் சொன்ன ரகசியம். பாரதிய சாட்சிய அதினியம் (பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 132-ஆவது பிரிவுப்படி அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. படத்தில் எதை வைப்பீர்கள்? அது மட்டுமல்ல, ஒரு சம்பவத்தை நேரில் படம் பிடித்தவர் நாளைக்கு அந்த வழக்கில் சாட்சியாகலாம், சாட்சியாக வாய்ப்புள்ள வழக்கை வக்கீல் எடுக்கவே கூடாது என்கிறது விதி 13. ஒரே ஆளிடம் ஒன்று கேமரா, இல்லாவிட்டால் வக்காலத்து. நான் செய்வது, முதல் நாளே "நான் இங்க படம் எடுக்க வந்திருக்கேன், உங்க வக்கீலா இல்ல" என்று சொல்லி அதையும் பதிவு செய்துவிடுவேன். வழக்கு உதவி வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ தெரிந்த நண்பருக்கோ அனுப்பிவிடுவேன்.

அதே காரணத்துக்காக, உங்கள் படத்துக்கு நீங்கள் வக்கீல் ஆகாதீர்கள். உங்களுக்குப் பிடித்த காட்சி சட்டப்படி சரி என்று உங்களை நீங்களே நம்பவைக்க எத்தனை வாதம் வேண்டுமானாலும் கிடைக்கும், அதற்குத்தானே படித்திருக்கிறோம். நான் என் ரஃப் கட்டை ஒரு தோழிக்கு அனுப்புவேன், அவர் படத்தை எனக்கு அனுப்புவார். போன முறை பதினோரு குறிப்பு வந்தது, ஒன்பதை மாற்றினேன், இரண்டுக்கு இன்னும் சண்டை.

தணிக்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தியேட்டரிலோ அரங்கிலோ பொதுமக்களுக்குத் திரையிட ஆவணப்படத்துக்கும் சான்றிதழ் வேண்டும். நான்கு நகரங்களைப் பற்றி, அதில் நம் மெட்ராஸும் ஒன்று, ஒரு குறும் ஆவணப்படம் எடுத்த கே.ஏ. அப்பாஸ் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார், 1970-இல் முன்தணிக்கை செல்லும் என்று தீர்ப்பு வந்தது, இன்றுவரை அதுதான் நிலை. திரைப்பட விழாவென்றால் விலக்கு கேட்கலாம், அதை விழாக்காரர்கள் வாங்குவார்கள். 2021-இல் மேல்முறையீட்டு தீர்ப்பாயத்தை எடுத்துவிட்டதால் வெட்டுச் சொன்னால் நேராக உயர் நீதிமன்றம்தான். இணையத்தில் போடச் சான்றிதழ் தேவையில்லை, அங்கே 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள். சோர்ந்துபோகிறவர்களுக்கு: போபால் விஷவாயு பற்றிய படத்தைத் தூர்தர்ஷன் மறுத்தபோது 1992-இல் உச்ச நீதிமன்றம் இயக்குநர் பக்கம் நின்றது, 2006-இல் ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனுக்கும் அப்படியே.

வெளிநாட்டுப் பணம் வந்தால் ஆடிட்டரிடம் போகாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மானியம் என்று வந்தால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 குறுக்கே வரலாம், நடப்பு விவகார நிகழ்ச்சி தயாரிக்கிற நிறுவனங்களுக்கு அதில் தடையே உண்டு. வியாபார ரீதியாக உரிமம் விற்ற பணம் வேறு. ஆனால் தாளில் மட்டும் வியாபாரம் என்று எழுதினால் அது வியாபாரமாகிவிடாது.

கடைசியாக, சோறு. ஆவணப்படத்தில் அது கிடைப்பது அபூர்வம், என் வீட்டு வாடகையைக் கட்டுவது மற்றவர்களின் ஒப்பந்தங்கள்தான். முதல் மூன்று வருடம் ஒரு சீனியரிடம், முடிந்தால் அறிவுசார் சொத்துரிமை வழக்கு பார்க்கிறவரிடம் இருங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் அதற்கென்றே தனிப் பிரிவு 2023-இலிருந்து இருக்கிறது, போய் உட்கார்ந்து கேட்டாலே பாதிப் படிப்பு. அந்த மூன்று வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடைய படத்திலாவது ஒலிப்பதிவுக் கருவி தூக்குங்கள், எடிட் ரூமில் உட்காருங்கள். அப்புறம் நண்பர்களின் படங்களுக்கு உரிமைக் கோப்பு தயார் செய்து கொடுங்கள்: சம்மதப் படிவங்கள், ஒப்பந்தங்கள், ஒவ்வொரு கிளிப்புக்கும் பாட்டுக்கும் அனுமதி, எல்லாம் வரிசையாக ஒரே கோப்பில். வெளிநாட்டு சேனல்கள் வாங்குவதற்கு முன் கேட்பது இதைத்தான், கூடவே படத்தின் மேல் வழக்கு வந்தால் ஈடுகட்டுகிற காப்பீடும் கேட்கும், இந்தக் கோப்பு இல்லாமல் காப்பீடும் கிடைக்காது. படம் நன்றாக இருந்தும் இது இல்லாமல் விற்காமல் கிடக்கிறவை எனக்குத் தெரிந்தே நான்கைந்து. முதல் இரண்டு கோப்புகளுக்கு வேண்டுமானால் பிரியாணி வாங்கிக்கொள்ளுங்கள், மூன்றாவதிலிருந்து ஃபீஸ் கேளுங்கள், முன்பணமாகப் பாதி.